பச்சை ஸ்டிக்கரை எவ்வளவு நம்பலாம்?

டிஸ்கி: நான் பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவன். இன்ஜினியரும் இல்லை, டைவிங் பயிற்சியாளரும் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ரெகுலேட்டரைக் கழற்ற உட்கார வேண்டாம். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

ரெகுலேட்டர் என்றால் நம் வீடுகளில் இரண்டுதான். ஒன்று ஃபேனுக்கு, இன்னொன்று கேஸ் சிலிண்டருக்கு. நான் பேசப்போவது மூன்றாவது வகை. ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் வாயில் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிறார்களே, அது. கேஸ் ரெகுலேட்டருக்கு நெருங்கிய சொந்தம்தான். முதுகில் இருக்கும் சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில் அடைத்திருக்கும் (நம் பைக் டயரில் இருப்பது இரண்டு சொச்சம் பார்). அதை நேராக வாயில் வாங்க முடியுமா? அதனால் இரண்டு கட்டமாகக் குறைக்கிறார்கள். சிலிண்டரின் தலையில் மாட்டும் முதல் கட்டம் 200 பாரை ஏறக்குறைய 10 பாராகக் குறைக்கும். வாயில் இருக்கும் இரண்டாம் கட்டம் அதைச் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாக்கிக் கொடுக்கும். இந்த இரண்டு கட்டத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எனக்கு இந்த வம்பு எப்படி வந்தது என்றால், என் அத்தை பையன் அந்தமானில் டைவ் மாஸ்டராக இருக்கிறான். பழைய ரெகுலேட்டர் ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதாக விளம்பரத்தை அனுப்பினான். பளபளவென்று படம், மேலே பச்சை ஸ்டிக்கர், கீழே "நைட்ராக்ஸ் ரெடி, ஆக்சிஜன் க்ளீன்" என்று எழுதியிருந்தது. "மச்சான், நீதான் காமர்ஸ் ஆச்சே, இந்த விலை நியாயமா பாரு" என்றான். விலை நியாயமா என்று பார்க்க, அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று முதலில் தெரிய வேண்டும் இல்லையா? இரண்டு வாரம் படித்தேன். படித்ததில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டாகிவிட்டது. "ஆக்சிஜன் க்ளீன்" என்பது அந்தப் பொருளின் குணமே இல்லை. அது ஒரு கணக்கு. கணக்குப் புத்தகம் இல்லாமல் அந்த ஸ்டிக்கரை மட்டும் காட்டி விற்பவரிடம் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கக் கூடாது.

எப்படி என்று சொல்கிறேன். முதலில் நைட்ராக்ஸ்.

நாம் மூச்சு விடும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். ஆழத்தில் இருக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேர்ந்துகொண்டே போகும். அளவுக்கு மீறிச் சேர்ந்தபின் சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும். அதனால் எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். ஆக்சிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்தால் அந்த நிமிடங்கள் கூடும். பரவலாகப் பயன்படும் ஓர் அட்டவணைப்படி 18 மீட்டரில் சாதாரணக் காற்றுக்கு 56 நிமிடம், 32 சதவீத நைட்ராக்ஸுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா 1979-இலேயே தன் டைவிங் கையேட்டில் இதற்கான முறைகளை வெளியிட்டது. அங்கே வேலை பார்த்த டிக் ருட்கோவ்ஸ்கி என்பவர் 1985-இல் ஒரு சங்கம் தொடங்கிப் பொழுதுபோக்கு டைவர்களுக்கும் இதைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். உடனே ஒரே எதிர்ப்பு. "சாத்தான் வாயு" என்றுகூடப் பெயர் வைத்தார்கள். பத்து வருடத்தில் எதிர்த்தவர்களே வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுத்தார்கள் (காசு வந்தால் சாத்தானும் சாமிதான்). இன்று பயிற்சி எடுத்தவர்களுக்கு இது ரொம்ப சாதாரணம்.

ஆனால் ஆக்சிஜன் கூடும்போது இரண்டு ஆபத்து சேர்ந்து வருகிறது. ஒன்று தீ. இன்னொன்று ஆக்சிஜனே விஷமாவது. ரெகுலேட்டர் விளம்பரங்களில் எல்லோரும் பேசுவது முதலாவதைப் பற்றி.

தண்ணீருக்குள் போகிற பொருளில் தீயா என்று நானும் சிரித்தேன். தீ பிடிப்பது தண்ணீருக்குள் இல்லை, கரையில், சிலிண்டர் வால்வைத் திறக்கும் அந்த நொடியில். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடும், பார்த்திருப்பீர்கள். காற்றைச் சட்டென்று அழுத்தினால் சூடாகும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லாமலே டீசல் பற்றிக்கொள்வது இதனால்தான். ரெகுலேட்டரை மாட்டிவிட்டு வால்வைப் படக்கென்று திறந்தால், உள்ளே சும்மா இருந்த 1 பார் வாயு கண் இமைக்கும் நேரத்தில் 200 பாருக்கு அழுத்தப்படுகிறது. வெப்பம் வெளியே போக வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், காகிதக் கணக்கில் ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். நிஜத்தில் சுற்றியிருக்கும் உலோகம் சூட்டை இழுத்துக்கொள்ளும், அவ்வளவு ஏறாது. ஆனால் ஒரு பொட்டு கிரீஸ் பற்றிக்கொள்ள அவ்வளவு தேவையும் இல்லை.

சாதாரணக் காற்றில் அந்தப் பொட்டு கிரீஸ் பற்றினாலும் அப்படியே அணைந்துபோகும். ஆக்சிஜன் அதிகமாக இருந்தால் அணையாது. பக்கத்தில் இருக்கும் ஓ-ரிங் பற்றும், அதற்கடுத்து பிளாஸ்டிக் சீட், அதற்கடுத்து உலோகமே எரியும். உலோகத்திலும் வித்தியாசம் உண்டு. பித்தளை ஆக்சிஜனில் பொறுமைசாலி. அலுமினியம் அப்படி இல்லை. டைட்டானியம் இன்னும் மோசம். எடை குறைவு, துருப்பிடிக்காது என்று பெருமையாக விலை கூட்டி விற்கும் டைட்டானிய ரெகுலேட்டர்களை 40 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தாதே என்று செய்தவர்களே எழுதி வைக்கிறார்கள். விலை அதிகமென்றால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். 1967 ஜனவரி 27-இல் அப்பல்லோ 1 கலத்தில் மூன்று விண்வெளி வீரர்கள் தரையிலேயே தீயில் சிக்கி இறந்ததும் சுத்த ஆக்சிஜன் நிரப்பிய அறையில்தான். வெளியே சாதுவாக இருந்த நைலானும் வெல்க்ரோவும் அங்கே எரிபொருளாகிவிட்டன.

இதெல்லாம் நமக்குப் புதுசு என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் பெரியப்பாவின் கேஸ் வெல்டிங் பட்டறையில் கறுப்பு சிலிண்டர் ஆக்சிஜன், மெரூன் சிலிண்டர் அசிட்டிலின். எண்ணெய்க் கையோடு கறுப்பு சிலிண்டர் பக்கம் போனால் பெரியப்பா போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். பட்டறையில் மற்ற எல்லா இடத்திலும் கிரீஸ் அப்பிக் கிடக்கும், அந்த ரெகுலேட்டர் மட்டும் காய்ந்த எலும்பு மாதிரி இருக்கும். வால்வை ஒரு நாளும் வெடுக்கென்று திறக்க மாட்டார். காரணம் கேட்டால் "அப்படித்தான்டா" என்பார். காரணம் இப்போதுதான் புரிந்தது.

சரி, நாற்பது சதவீத விதிக்கு வருவோம். டைவிங் உலகில் ஒரு பேச்சு உண்டு: 40 சதவீதம் வரை சாதாரண ரெகுலேட்டரே போதும், அதற்கு மேல் போனால்தான் ஆக்சிஜனுக்கென்று சுத்தம் செய்த ரெகுலேட்டர் வேண்டும். இது எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஒரு வேர் அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, கூலிக்கு டைவிங் வேலை செய்கிறவர்களுக்காக 1977-இல் விதிகள் போட்டது. 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் உள்ள கலவைக்கான கருவி ஆக்சிஜன் உபயோகத்துக்கென்றே வடிவமைக்கப்பட வேண்டும், தீப்பற்றும் அழுக்கு நீக்கப்பட வேண்டும் என்கிறது. அதே இடத்தில் மூன்றாவதாக ஒரு வரி இருக்கிறது. குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் உள்ள ஆக்சிஜன் அமைப்புகளில் மெதுவாகத் திறக்கும் வால்வு வேண்டும் என்று. பொழுதுபோக்கு டைவர்கள் முதல் இரண்டை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். மூன்றாவதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெரியப்பா மட்டும் அதைக் கடைப்பிடிக்கிறார்!

வேடிக்கை என்னவென்றால், அதே ஓஷா கிணறு, தொட்டி மாதிரி அடைபட்ட இடங்களில் வேலை செய்வது பற்றிய விதியில் 23.5 சதவீதத்தைத் தாண்டினாலே அபாயமான சூழல் என்று சொல்கிறது. ஐரோப்பாக்காரர்கள் இன்னும் கறார். 2003-இல் வந்த ஈ.என். 144-3 என்ற தரவிதிப்படி 22 சதவீதத்துக்கு மேல் என்றாலே தனி அளவு மரையுள்ள எம்26 வால்வு. சாதாரண ரெகுலேட்டரை அதில் மாட்டவே முடியாது. நல்ல யோசனை மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் கடைக்காரர்கள் என்ன செய்தார்கள்? மாட்ட முடியாததை மாட்ட வைக்க அடாப்டர் விற்றார்கள். சில கம்பெனிகளின் கையேட்டில் இன்னும் தமாஷ். ஒரே மாடல், ஒரே பித்தளை, ஒரே ஓ-ரிங். ஐரோப்பாவுக்குள் என்றால் சாதாரணக் காற்று மட்டும், வெளியே என்றால் 40 சதவீதம் வரை. விமானம் ஏறினால் உலோகத்தின் குணம் மாறிவிடுமா என்ன?

என் கட்சி இதில் நாற்பதின் பக்கம்தான். 32, 36 சதவீதக் கலவையைச் சாதாரண ரெகுலேட்டரில் உலகம் முழுக்கப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறார்கள். அனுபவம் அந்த விதிக்குச் சாதகமாகவே இருக்கிறது. நம் ஊர் மாணவன் ஒருவன் விடுமுறையில் நைட்ராக்ஸ் டைவ் போக, தனி ரெகுலேட்டர் வாங்கு என்று மிரட்டுவது வியாபாரம். ஆனால் நாற்பது என்பது அந்த எண்ணுக்கு இந்தப் பக்கம் சொர்க்கம், அந்தப் பக்கம் நரகம் என்று கோடு கிழித்த இடம் இல்லை. ஆபத்து சரிவாக ஏறுகிறது. இன்னொன்று, அந்த விதி ஏற்கெனவே கலந்து முடித்த வாயுவுக்கு மட்டுமே பொருந்தும். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

உதாரணத்துக்கு, 200 பாருக்கு 32 சதவீதக் கலவை செய்ய ஒரு வழி, காலி சிலிண்டரில் முதலில் ஏறக்குறைய 28 பார் சுத்த ஆக்சிஜனை விட்டு, மீதியைக் காற்றால் நிரப்புவது. அப்போது அந்த சிலிண்டரும் அதன் வால்வும் நூறு சதவீத ஆக்சிஜனைப் பார்த்துவிடுகின்றன. கடைசிக் கலவை 32-தானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது, சிலிண்டர் ஆக்சிஜன் சுத்தமாக இருந்தே ஆக வேண்டும். ரெகுலேட்டரை அதற்குப் பிறகுதான் மாட்டுகிறோம், அதனால் அதற்குச் சலுகை. ஆனால் டீப் டைவ் முடித்து மேலே வரும் வழியில் 50 சதவீதமோ சுத்த ஆக்சிஜனோ சுவாசிக்க எடுத்துப்போகும் தனி சிலிண்டர் இருக்கிறதே, அதில் மாட்டும் ரெகுலேட்டருக்கு ஒரு சலுகையும் கிடையாது. என் அத்தை பையன் வாங்க நினைத்தது அதற்குத்தான்.

இப்போது அந்தக் கணக்கு விஷயம். ஆக்சிஜன் சுத்தம் செய்வது என்றால் முழுவதும் பிரித்து, எண்ணெய்ப் பிசுக்கும் துகளும் போகக் கழுவி, தகுந்த ஓ-ரிங் போட்டு, வழக்கமான சிலிக்கோன் கிரீஸுக்குப் பதில் ஆக்சிஜனில் எரியாத ஃப்ளோரின் வகை கிரீஸ் தடவி மூடுவது. இந்த கிரீஸ் பல மடங்கு விலை. அன்றைய தேதியில் அது ஆக்சிஜன் க்ளீன். சந்தேகமே இல்லை. மறுநாள் அதைச் சாதாரண சிலிண்டரில் மாட்டி ஒரு டைவ் போனால்? சுவாசக் காற்றுக்கான அமெரிக்க 'இ' தரத்தில் ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராம் வரை எண்ணெய்த் துளி இருக்கலாம். ஆக்சிஜனோடு கலக்கும் காற்றில் 0.1 மில்லிகிராம்தான் இருக்கலாம். ஐம்பது மடங்கு வித்தியாசம். ஒவ்வொரு சாதாரண டைவும் உள்ளே கொஞ்சம் கொஞ்சம் எண்ணெயைப் பற்று எழுதிக்கொண்டே போகும். மேலே பச்சை ஸ்டிக்கர் மட்டும் ஆரம்ப இருப்பைக் காட்டிக்கொண்டு நிற்கும். வருடம் முழுக்க ஒரு பதிவும் போடாமல் ஏப்ரல் 1 இருப்பை வைத்து மார்ச் 31-இல் இருப்புநிலைக் குறிப்பு எழுதினால் எங்கள் அக்கவுண்டன்சி சார் என்ன செய்வார் என்று வகுப்புக்காரர்களுக்குத் தெரியும்.

அதனால் சுத்தம் செய்த ரெகுலேட்டரை அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். "அவசரத்துக்கு ஒரே ஒரு தடவை" என்று காற்று சிலிண்டரில் மாட்டினால் திரும்பச் சுத்தம் செய்யும் வரை அது சாதாரண ரெகுலேட்டர். சிலிண்டர் காற்றைப் பீய்ச்சித் தூசி மூடியைக் காயவைக்கும் பழக்கம் டைவர்களிடம் உண்டு, அந்த ஈரமும் தூசியும் உள்ளே போகும் வழி அதுதான். படகில் சன் ஸ்கிரீன் தடவிய கை, தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கை, இன்ஜின் தொட்ட கை எதுவும் முதல் கட்டத்தின் வாயைத் தொடக் கூடாது. ஆபத்து முழுக்க உயர் அழுத்தப் பக்கத்தில். இரண்டாம் கட்டம் பத்துப் பார்தான் பார்க்கிறது. முதல் கட்டம், பிறகு எல்லோரும் மறந்துவிடும் பிரஷர் கேஜ். கேஜின் குழாய் ஒரு முட்டுச் சந்து. வேகமாக வரும் வாயு போய் முட்டிச் சூடாவது அங்கேதான். ரெகுலேட்டரைச் சுத்தம் செய்துவிட்டுப் பழைய கேஜையே மாட்டிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள் போலிருக்கிறது. வால்வைத் திறக்கும்போது கேஜின் முகத்தை நம் முகத்திலிருந்து திருப்பிப் பிடித்து, முள் நகர்ந்து நகர்ந்து ஏறும் அளவுக்கு மெதுவாகத் திறக்க வேண்டும். செலவில்லாத பாதுகாப்பு இது ஒன்றுதான்.

விளம்பரத்துக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டில் பிசினஸ் லா பேப்பரில் படித்தோமே, விற்பனைச் சரக்குகள் சட்டம் 1930, பிரிவு 16? வாங்குகிறவன்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. விலக்கு என்ன? எந்த உபயோகத்துக்கு வாங்குகிறோம் என்று விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், அந்தச் சரக்கை விற்பது அவருடைய தொழிலாகவும் இருந்தால், சரக்கு அந்த உபயோகத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை சொல்லாமலே ஒப்பந்தத்துக்குள் வந்துவிடும். ஆனால் வணிகப் பெயரைச் சொல்லி "இந்த மாடல் கொடுங்க" என்று வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பரீட்சைக்கு நெட்டுரு போட்டபோது இதெல்லாம் எதற்கு என்று நினைத்தோம். இதற்குத்தான்! அத்தை பையனிடம் சொன்னேன்: "மாடல் பேரச் சொல்லிக் கேக்காத. ஐம்பது சதவீதக் கலவைக்கு வேணும்னு எழுத்துல கேளு. கடைசியா எப்ப, யாரு சுத்தம் பண்ணாங்க, என்ன கிரீஸ், அதுக்கப்புறம் காத்து சிலிண்டர்ல மாட்டினாங்களான்னு கேளு." விற்பவர் தனி ஆள், கடைக்காரர் இல்லை, ஆகவே பிரிவு 16 முழுசாக உதவாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் கேள்விக்கு வந்த பதில் "ஸ்டிக்கர் இருக்குல்ல சார்" என்பதுதான். அப்படியென்றால் அது சாதாரணப் பழைய ரெகுலேட்டரின் விலைக்குத்தான் போக வேண்டும். அந்த விலையிலிருந்து முழு சர்வீஸ், ஆக்சிஜன் சுத்தம், புது கேஜ் எல்லாவற்றையும் கழித்துப் பார் என்றேன். கழித்தால் மிச்சம் ரொம்பக் கொஞ்சம். அவன் வாங்கவில்லை.

தீயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஆபத்தைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். ஆழம் கூடக் கூட ஆக்சிஜனின் பகுதி அழுத்தமும் கூடும். 1.4 பார் வரை என்று டைவிங்கில் வரம்பு வைத்திருக்கிறார்கள், மேலே வரும்போது நின்று ஓய்வெடுக்கையில் 1.6 வரை. அதைத் தாண்டினால் வலிப்பு வரலாம். முன்னறிவிப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. கரையில் வலிப்பு வந்தால் பிழைத்துக்கொள்ளலாம், தண்ணீருக்கடியில் வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவினால் மூழ்கிச் சாவதுதான். 32 சதவீதத்துக்கு வரம்பு 33 மீட்டர். 36-க்கு 28. ஐம்பதை 1.6 என்று கணக்கிட்டாலும் 22 மீட்டர். சுத்த ஆக்சிஜன் வெறும் 6 மீட்டர்.

இப்போது யோசியுங்கள். ஒரு டைவர் முதுகில் ஒரு கலவை, பக்கவாட்டில் 50 சதவீத சிலிண்டர். இரண்டு ரெகுலேட்டரும் கறுப்பு, இரண்டும் ஒரே கம்பெனி. 40 மீட்டரில், கலங்கிய தண்ணீரில், பதற்றத்தில் கைக்கு எது அகப்படுகிறதோ அதை வாயில் வைத்தால்? ரெகுலேட்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை, கச்சிதமாக வேலை செய்து ஆளைக் கொல்லும். அதனால் அந்த இரண்டாம் கட்டத்துக்குத் தனி நிறம், தொட்டாலே தெரிகிற மாதிரி ஓர் அடையாளம், வேண்டிய ஆழம் வரும் வரை சிலிண்டரோடு சேர்த்துக் கட்டி வைப்பது, மாற்றும்போது ஜோடியாக வரும் டைவர் ஹோஸைக் கண்ணால் தொடர்ந்து பார்த்துச் சரி சொல்வது என்றெல்லாம் முறை வைத்திருக்கிறார்கள். சிலிண்டரில் என்ன இருக்கிறது என்பதை நிரப்பியவர் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளாமல், வாயுவை அளக்கும் அனலைசரில் நீங்களே அளந்து, சதவீதம், அதிகபட்ச ஆழம், தேதி மூன்றையும் டேப்பில் பெரிதாக எழுதி, சிலிண்டரின் கழுத்தில் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்ட ஆளே அந்த ரெகுலேட்டரைக் கடிக்க வேண்டும், வேறு ஆள் இல்லை.